சங்கு ஊதாத ஆலை

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

இங்கே வருகிற வழியில் டீக்கடையில் ஐந்து நிமிஷம் நின்றேன். ஷிப்டு முடிந்து வந்த ஆறு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஆறு பேர் கையிலும் செல்போன். டீ ஆறிக்கொண்டிருந்தது. ஒருவரோடு ஒருவர் பேச்சில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. போன மாதம் ஒரு நாள் மாலை நானே ரீல்ஸ் பார்க்க உட்கார்ந்து, கமிட்டிக் கூட்டத்துக்கு முக்கால் மணி தாமதமாகப் போய்த் திட்டு வாங்கினேன். ஆகவே, மாட்டிக்கொண்டவர்களில் ஒருவனாகத்தான் உங்கள் முன் பேசுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். செல்போன் கெட்ட சாமான் அல்ல. 1995 ஜூலை 31-ம் தேதி இந்தியாவின் முதல் செல்போன் பேச்சு நடந்தது. கல்கத்தாவிலிருந்து பேசியவர் மேற்கு வங்க முதலமைச்சர் தோழர் ஜோதி பாசு. டெல்லியில் கேட்டவர் மத்திய மந்திரி சுக்ராம். அந்த நாளில் பேசினாலும் காசு, வருகிற பேச்சைக் கேட்டாலும் காசு. பணக்காரர் பையில் மட்டும் இருந்த சாமான் அது. இன்று நடவுக்குப் போகிற பெண்ணின் இடுப்பிலும் இருக்கிறது. 2016-ல் யு.பி.ஐ. வந்தது. வெளியூரில் பாடுபடுகிறவன் கூலி வாங்கிய அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புகிறான். தையல் தெரிந்த சகோதரி, தைத்த ரவிக்கையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டு ஆர்டர் வாங்குகிறாள். இவையெல்லாம் நமக்கு நல்லவையே.

பின் வம்பு எங்கே இருக்கிறது? "இலவசம்" என்ற சொல்லில் இருக்கிறது.

பேஸ்புக் இலவசம். இன்ஸ்டாகிராம் இலவசம். வாட்ஸ்அப் இலவசம். மூன்றும் ஒரே கம்பெனிக்குச் சொந்தம். இன்று அதன் பெயர் மெட்டா. 2014-ல் வாட்ஸ்அப்பை மட்டும் சுமார் 1,900 கோடி டாலருக்குப் பேசி முடித்தார்கள். நமக்கு ஓசியில் கொடுப்பதற்கா இத்தனை கோடி? 2024-ம் வருஷம் அந்தக் கம்பெனியின் வரவு 16,400 கோடி டாலருக்கு மேல். அதில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் விளம்பரத்தால் வந்தது. விளம்பரக்காரன் எதற்குக் காசு கொடுக்கிறான்? நம் கண்ணுக்கு, நம் நேரத்துக்கு. ஆலையில் நம்முடைய 8 மணி நேரத்தை வாங்குகிறவன் குறைத்தாவது கூலி கொடுக்கிறான். மீதி நேரம் இங்கே கூலியே இல்லாமல் விற்பனையாகிறது.

எப்படி நம்மைப் பிடித்து வைக்கிறார்கள்? ஆலையில் சங்கு ஊதினால் வேலை முடிந்தது. புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் உண்டு. சினிமாவுக்கு "வணக்கம்" உண்டு. இந்தத் திரைக்கு முடிவு கிடையாது. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும். 2006-ல் இந்த முறையை அமைத்தவர் ஆசா ராஸ்கின் என்ற அமெரிக்கர். பின்னால் அவரே அதற்காக வருத்தப்பட்டுப் பேசினார். நம் கட்டைவிரல் எந்தப் படத்தில் எத்தனை விநாடி நின்றது என்று யந்திரம் கணக்கு வைக்கிறது. சண்டையில் நின்றால் மேலும் சண்டை. அழுகையில் நின்றால் மேலும் அழுகை. நமக்கு எது நல்லது என்று அது பார்ப்பதில்லை. எது நம்மை எழுந்திருக்க விடாது என்று மட்டும் பார்க்கிறது.

ஆகவேதான் பொய் அங்கே மெய்யைவிட வேகமாக ஓடுகிறது. 2023 மார்ச்சில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய்யான வீடியோக்கள் பரவின. வேறெங்கோ நடந்த சண்டைகளை இங்கே நடந்ததாகக் காட்டினார்கள். திருப்பூரிலும் கோவையிலும் வடநாட்டுத் தொழிலாளிகள் பயந்து போனார்கள். பலர் மூட்டை கட்டி ரயிலேறினார்கள். பக்கத்து மெஷினில் நிற்கிற தொழிலாளி நம்மைக் கண்டு நடுங்கினான்! வீடியோவை அனுப்பியவனுக்கு அது ஒரு விரல் வேலை. நஷ்டம் யாருக்கு? கூலியை விட்டு ஓடியவனுக்கு.

வியாபாரத்துக்கு இதை நம்புகிற இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. 2020 ஜூன் 29-ம் தேதி மத்திய சர்க்கார் டிக்டாக் உள்பட 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது. அதில் ஆடிப் பாடிப் பெயரெடுத்து நாலு காசு பார்த்த கிராமத்துப் பிள்ளைகளின் ரசிகர் கூட்டம் ஒரே இரவில் போயிற்று. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸை இறக்கியது. கடைக்காரன் மாறினான், கடை மாறவில்லை. சீட்டில்லாமல் குத்தகைக்கு உழுதவன் நிலைமை விவசாயத் தோழர்களுக்கு நன்றாகத் தெரியும். விதைத்தவன் நாம்; வரப்பு அவனுடையது. எந்தப் பொழுதிலும் வெளியேற்றலாம். ஆகவே, வாட்ஸ்அப்பில் விற்கிற சகோதரிகள் வாடிக்கைக்காரர் பெயரையும் நம்பரையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த நோட்டு உங்கள் சொந்த நிலம்.

இனி விளையாட்டுக்கு வருகிறேன். சங்க ஆபீசுக்கு ஓர் இளம் தோழன் வந்தான். முகத்தில் தூக்கமில்லை. போனில் ரம்மி ஆடியிருக்கிறான். முதலில் ஐந்நூறு ஜெயித்தான். அதோடு மாதச் சம்பளம் போயிற்று. மனைவியின் கம்மலும் போயிற்று. பிறகு போனிலேயே கடன் வாங்கினான். கடன் கொடுத்தவன் அவன் போனிலிருந்த நம்பர்களையெல்லாம் எடுத்துக்கொண்டு, மாமனார் வீட்டுக்கும் மேஸ்திரிக்கும் போன் செய்து மானத்தை வாங்கினான். அவன் யாரிடமும் சொல்லாமல் ஒரு மாதம் தவித்திருக்கிறான். அந்த ஒரு மாதத்தில் என்ன வேண்டுமானாலும் நடந்திருக்கலாம், தோழர்களே!

சட்டம் இல்லையா? வந்தது. 2022-ல் தமிழ்நாடு சட்டசபை தடைச் சட்டம் நிறைவேற்றியது. கவர்னர் திருப்பி அனுப்பினார். 2023 மார்ச்சில் மறுபடி நிறைவேற்றிய பிறகே கையெழுத்தானது. நவம்பரில் சென்னை ஹைகோர்ட், ரம்மி திறமை ஆட்டம் என்று சொல்லி அதன்மீதிருந்த தடையை ரத்து செய்தது. 2025 ஆகஸ்டில் பார்லிமெண்ட், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. நல்லது. ஆனால், சாராயக் கடையை மூடிய ஊரில் கள்ளச் சாராயம் வருவதுபோல் இதுவும் வேறு பெயரில் வந்து கதவைத் தட்டும்.

என்ன செய்யலாம்? நாலு காரியம் சொல்கிறேன். காசு வைத்து ஆடச் சொல்கிற எதையும் போனில் ஏற்றாதீர்கள். முகம் தெரியாதவனிடம் போனில் கடன் வாங்காதீர்கள். பணம் ஏமாந்தால் வெட்கப்பட்டு ஒளியாமல் அன்றைக்கே 1930-க்குப் போன் செய்யுங்கள். பிறகு சங்கத்துக்கு வாருங்கள். கோபம் மூட்டுகிற வீடியோ வந்தால் நாலு பேரைக் கேட்காமல் அடுத்தவனுக்குத் தள்ளாதீர்கள்.

அதே போனைக் காமிராவாக வையுங்கள். சம்பளச் சீட்டைப் படம் பிடியுங்கள். எடை போடுகிறபோது தராசைப் படம் பிடியுங்கள். அது நமக்கு வேலை செய்யட்டும்.

இரவு சாப்பாட்டு வேளையில் ஒரு மணி நேரம் போனை மாடத்தில் வைத்துவிட்டுக் குழந்தைகளோடு பேசுங்கள். இந்த ஆலையில் சங்கு ஊத முதலாளி ஆள் வைக்க மாட்டான். நாம்தான் ஊத வேண்டும்.