கேளாக் குருளையும் செவிலியும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



சங்க இலக்கியத்துச் செவிலித்தாய் குறித்து உரையாற்றுமாறு பணித்தீர்கள். மகிழ்வோடு இசைந்தேன். ஆயினும் இன்று நான் பேசவிருக்கும் செவிலி, பாலை வழியில் மகளைத் தேடி நடந்தவள் மட்டும் அல்லள். காது கேளாத நாய்க்குட்டி ஒன்றைச் சில திங்கள் பேணி, தக்கவர் கையில் ஒப்படைக்கும் இக்காலச் செவிலியும் ஆவாள். நாய்க்குட்டிக்கும் இலக்கிய மேடைக்கும் என்ன உறவு என வினவுவோர் இருக்கலாம். அவ்வுறவைத் தொல்காப்பியரே காட்டியிருக்கிறார்.

மரபியலில் இளமைப் பெயர்கள் ஒன்பது கூறப்படுகின்றன. அவற்றுள் குருளை என்பது நாய், பன்றி, புலி, முயல் ஆகியவற்றின் இளமைக்கு உரியது. காட்டை ஆளும் புலிக்கும் தெருவில் திரியும் நாய்க்கும் இளமையில் ஒரே பெயர் தந்தது நம் இலக்கணம். அதே மரபியல் உயிர்களை அறிவால் அடைவுபடுத்துகிறது. உற்றறிதல் முதலாவது, நாவும் மூக்கும் கண்ணும் அடுத்தடுத்து வருவன, செவி ஐந்தாவது. விலங்கு ஐந்தறிவுடையது என்பது அவ்வடைவின் முடிபு. அந்த ஐந்தாம் வாயில் பிறந்த சில வாரங்களிலேயே அடைபட்டுப்போகும் குருளைகள் நம் வட்டாரத்தில் உண்டு.

சங்கரன்கோவிலுக்கு வடக்கே பேருந்தில் சிறிது தொலைவு சென்றால் இராசபாளையம். அவ்வூர்ப் பெயர் தாங்கிய நாயினத்தை அறியாதவர் இவ்வவையில் இரார். 2005ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாயினங்கள் நான்கிற்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது அவற்றுள் ஒன்றாக இடம்பெற்ற பெருமை அதற்கு உண்டு. பால்போன்ற வெண்மை, இளஞ்சிவப்பு மூக்கு, நெடிய கால்கள் என்பன அதன் அழகுக்கு இலக்கணமாயின. அவ்வினத்தில் கருநிறக் குட்டிகளும் புள்ளியுடைய குட்டிகளும் பிறப்பதுண்டு. விலை பெறுவது வெண்மையே. அவ்வெண்மைக்குக் குட்டிகள் கொடுக்கும் விலையும் ஒன்று உண்டு. தூய வெண்ணிறக் குட்டிகளிற் சில பிறவியிலேயே செவித்திறன் அற்றவை.

இதன் காரணத்தை அறிவியல் விளக்கியிருக்கிறது. தோலுக்கும் மயிருக்கும் நிறம் தரும் உயிரணுக்கள் உட்செவியிலும் உள்ளன. ஒலியை உணரும் நுண்மயிர் அணுக்கள் வாழ்வதற்கேற்ற நீர்மத்தை அங்கே பேணுவதில் அவற்றிற்குப் பங்குண்டு. கரு வளரும்போது நிற அணுக்கள் உட்செவியைச் சென்றடையாவிடின், ஒலியுணரும் அணுக்கள் பிறந்த சில வாரங்களில் மடிந்துவிடுகின்றன. மடிந்தவை மீள்வதில்லை. வெள்ளை நாய் யாவும் கேளாதவை என்பது இதன் பொருளன்று. வெண்மையை மட்டுமே தேர்ந்து தலைமுறை தலைமுறையாக இணைசேர்க்கும்போது இக்குறை மிகுகிறது என்பதே பொருள். நீலக் கண் உடைய பூனைகளிடம் காணப்படும் செவிட்டுத்தன்மையைச் சார்லசு தார்வின் 1859இல் வெளியிட்ட தம் நூலிலேயே குறித்துள்ளார்.

ஒரு செவி மட்டும் கேளாத குட்டியைக் கைதட்டிப் பார்த்துக் கண்டறிய இயலாது. மூளையின் மின்னலைகளை அளக்கும் சோதனையே அதனைக் காட்டும். இருசெவியும் கேளாத குட்டியோ எளிதில் வெளிப்பட்டுவிடும். காவலுக்குப் பயன்படாது, விலைபோகாது என்று அதனைக் கைவிடுவோர் உளர்.

அவ்வாறு கைவிடப்பட்ட குருளை ஒன்று, ஏறத்தாழ ஏழு வார அளவில், என் மாணவியர் வழியாக எங்கள் இல்லம் வந்தது. சாலையோரப் புளியமரத்தடியில் கிடந்ததாம். பேருந்து ஒலியெழுப்பியும் அசையாது உறங்கியதைக் கண்டு, இறந்துவிட்டது என்றே முதலில் எண்ணினராம். கால்நடை மருத்துவர் பூச்சி மருந்தும் தடுப்பூசியும் தந்தார். செவிக்கு மருந்தில்லை என்றும் கூறினார். நோய் தீர வேண்டிப் புற்றுமண் பூசிக்கொள்ளும் ஊர் நம் ஊர். தீராத குறையோடு வரும் உயிருக்கு நாம் செய்யத்தக்கது யாது? நம் நடத்தையை அதன் குறைக்கேற்ப மாற்றிக்கொள்வதே என்பதை அக்குட்டி கற்பித்தது.

உறங்கும்போது பின்னிருந்து தொட்டால் அது திடுக்கிட்டுக் கடிக்கும். ஆதலின் மூக்கருகே கையை நீட்டி, நம் மணத்தால் எழுப்ப வேண்டும். அழைக்க வேண்டின் தரையைக் காலால் தட்ட வேண்டும்; இரவாயின் விளக்கை அணைத்து ஏற்ற வேண்டும். உடன்பிறந்த குட்டி வலியால் கத்தும்போதுதான் கடியின் அளவை ஒரு குட்டி கற்கிறது. இதற்கு அக்கதறல் கேளாது. ஆகவே பல் பதிந்தவுடன் விளையாட்டை நிறுத்தி முகம் திருப்பிக்கொள்ள வேண்டும். தெருவில் வாரின்றி ஒரு கணமும் விடலாகாது. கழுத்தில் மணி கட்டினோம். அதன் ஒலி அதற்கன்று. அது எங்கே இருக்கிறது என நாம் அறிவதற்கு.

மெய்ப்பாட்டியலைப் பல்லாண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறேன். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டினை மாணவியர் மனப்பாடமாகச் சொல்வர். உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்பட்டுப் பிறரால் அறியப்படுவதே மெய்ப்பாடு. வாயால் இனிமையாகப் பேசி முகத்தில் எரிச்சல் காட்டினால் மனிதரை ஓரளவு ஏமாற்றலாம். அக்குருளையை ஏமாற்ற இயலாது. அதற்கு எட்டுவது முகமும் கையும் நடையுமே. சொல்லைத் தொழிலாகக் கொண்ட நம்மவர்க்கு இது சிறிய பாடமன்று. சொல்லுக்குப் பொருள் தருவது அதன்பின் நிற்கும் மெய். அம்மெய் இல்லாத சொல், கேட்கும் செவியுடையார்க்கும் வெற்றொலியே.

ஈண்டு ஒன்றைத் தெளிவுபடுத்தல் வேண்டும். செவித்திறன் குறைந்த மாந்தரோடு இக்குட்டியை நான் ஒப்பிடவில்லை. அவர்கள் முழுமையான கைம்மொழி உடையோர். கவிதையும் கதையும் அம்மொழியில் படைப்போர். நான் கூறுவது, மொழியே இல்லாத ஓருயிரோடு மனிதர் கொள்ளும் உறவைப் பற்றியது.

பெயரிடுவதில் ஒரு சிக்கல் எழுந்தது. கூப்பிட்டால் கேளாத உயிருக்குப் பெயர் எதற்கு? இரு விரலை உயர்த்தி நெஞ்சில் வைப்பதை அதன் பெயராக்கினோம். அவ்வசைவைக் கண்டால் ஓடி வரும். அப்போது எடுத்தனூர் நடுகல் நினைவுக்கு வந்தது. இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்து அவ்வூரில், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல்லில், வீரனோடு அவன் நாயும் பொறிக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் அந்நாய் கள்வரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியைக் கல்வெட்டு கூறுகிறது. 7ஆம் நூற்றாண்டில் அந்நாய் செவியால் கேட்ட பெயரை இன்று நாம் கண்ணால் கேட்கிறோம். எழுத்தென்பதே கண்ணுக்கான குரல்தானே!

இனி, செவிலிக்கு வருவோம். நற்றாய் பெறுகிறாள், செவிலி வளர்க்கிறாள். அவள் வளர்ப்பின் பயன் அவள் வீட்டில் தங்குவதில்லை. உடன்போக்கில் மகள் சென்றபின் காணும் பந்தும் பாவையும் அவள் கண்ணை உறுத்துகின்றன. தற்காலிகமாக வளர்ப்போர் நிலையும் இதுவே. நாலரைத் திங்கள் கழிந்தபின், நெல்லையில் சுற்றுச்சுவர் உள்ள இல்லத்தில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரிய இணையர் குட்டியை ஏற்றனர். அவர்களிடம் முதிய நாய் ஒன்று முன்னரே உண்டு. அது எழுந்தால் இதுவும் எழும். அது வாயிலை நோக்கினால் இதுவும் நோக்கும். காவலுக்கு வைப்பதில்லை, இணைசேர்ப்பதில்லை, உரிய பருவத்தில் கருத்தடை செய்வது என்னும் மூன்றையும் உறுதிசெய்துகொண்ட பின்னரே ஒப்படைத்தோம்.

பிரியும்போது தாள் ஒன்று எழுதித் தந்தேன். வா, இரு, உண், வேண்டாம், நன்று எனப் பதினொரு சைகைகளும் அவற்றின் பொருளும் அதில் இருந்தன. நிகண்டுகளைக் கற்பித்த நான் தொகுத்த ஒரே அகராதி அது. பயன்படுத்துவோர் இருவர் மனிதர், ஒன்று நாய். அன்று மாலை வீட்டில் மணியோசை இல்லை. செவிலி கூற்றாக அமைந்த பாடல்களை அதற்குப் பின் நான் வகுப்பில் நடத்தும் முறை சற்று மாறியிருக்கிறது.

கவிஞர்களிடம் ஒரு வேண்டுகோள். வெண்மையைத் தூய்மைக்கும் கருமையை இழிவுக்கும் உவமையாக்கும் பழக்கம் நம் எழுதுகோலில் படிந்திருக்கிறது. அவ்வுவமை ஏட்டோடு நிற்பதில்லை. சந்தையில் விலையாகிறது, குட்டியின் செவியில் அடைப்பாகிறது. நாட்டு நாயை வாங்க விழையும் நண்பர்களிடம் புள்ளியுடையதையும் கருநிறத்ததையும் கேட்கச் சொல்லுங்கள். கேளாத குட்டியும் அதனை ஈன்ற இணையும் மீண்டும் இனப்பெருக்கத்திற்கு உரியன அல்ல என எடுத்துரையுங்கள். வாழ்நாள் முழுதும் வளர்க்க இயலாதோர் நான்கு திங்கள் வளர்க்கலாம். தாயாக இயலாத இடத்தில் செவிலியாக இருப்பதும் நம் மரபே.