கல்லில் இருக்கும் பெயர்கள்



போரில் செத்த சிப்பாய்க்கு ஒரு நாடு மரியாதை செய்வது நியாயம்தான். கல் நடுறோம், பேர் வெட்டுறோம், மாலை போடுறோம். ஆனா எல்லாச் சாவும் நாட்டுக்கு ஒரே மாதிரி கணக்கில வருதா?

புனே பக்கத்துல பீமா நதிக்கரையில் கோரேகாவ் என்று ஒரு ஊர். 1818 சனவரி 1 அன்று பேஷ்வாவின் பெரும்படையைக் கும்பினியின் சிறுபடை ஒன்று அங்கே எதிர்த்து நின்றது. பிறகு கும்பினி எழுப்பிய தூணில் செத்த 49 பேரின் பெயர்கள் இருக்கின்றன. அதில் 22 பேர் மகர்கள். தீண்டப்படாதவன் கழுத்தில் எச்சில் கலயமும் இடுப்பில் துடைப்பமும் கட்டி நடக்கவேண்டிய ஆட்சி பேஷ்வாக்களுடையது என்று அண்ணல் அம்பேத்கர் எழுதியிருக்கிறார்.

கும்பினி ஒண்ணும் நம்ம விடுதலைக்காகச் சண்டை போடலை. 1890களில் போர்ச்சாதி என்று கணக்குப் போட்டு, மகர்களைப் படையில் சேர்ப்பதையே வெள்ளைக்காரன் நிறுத்தினான். தூண்ல பேர் இருக்கு, பட்டாளத்துல இடம் இல்லை. 1927 சனவரி 1 அன்று அண்ணல் அந்தத் தூணுக்கு வந்தார். அவரே ஒரு சுபேதாரின் மகன். கும்பினி தன் வெற்றிக்கு நட்ட கல் அதன்பிறகு நம் சனங்களின் கல்லானது. 1941இல் மகர் ரெஜிமெண்ட் உருவானபோது அதன் சின்னத்திலும் அந்தத் தூண் இருந்தது.

இதைக் கொண்டாடினா தேசத்துரோகம்னு சொல்றாங்க. வெள்ளைக்காரனுக்காகச் செத்தவனுக்கு விழாவாம். சரி, டில்லி இந்தியா கேட்டுல யார் பேர் இருக்கு? முதல் உலகப்போரிலும் 1919 ஆப்கான் போரிலும் பிரிட்டிஷ் ராசாவுக்காகச் செத்த பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்கள், அதிகாரிகள் பேரு. 1931இல் திறந்த வளைவு. 1971 போரில் செத்தவர்களுக்கான சுடரை அதே வளைவின் கீழ்தான் 1972இல் ஏற்றினார்கள். 2022 வரை அங்கேதான் எரிந்தது. அதைத் துரோகம்னு எவனும் சொல்லலை. சொல்லவும் வேண்டாம், கூலிக்குப் போய்ச் செத்தாலும் சிப்பாய் சிப்பாய்தான். அப்படின்னா கோரேகாவ்ல மட்டும் ஏன் உறுத்துது? அங்கே செத்தவன் சேரிக்காரன், ஜெயிச்சதும் அவன். அதுதான் உறுத்துது.

2018இல் இருநூறாவது ஆண்டுக்குக் கும்பிடப் போன சனங்க தாக்கப்பட்டாங்க. மாலை போடப் போனவன்மேல கல் விழுந்தது.

செத்த சிப்பாய்க்கு வணக்கம் வைக்கிற நாடு, அவன் பேரப்பிள்ளைகள் அவன் பேரை வாசிக்கப் போற வழியை மறிக்கக்கூடாது. நாம கேட்கிற மரியாதை அவ்வளவுதான்.

ஜெய்பீம்.