வரியும் வாய்மையும்
(மகாவீரர் ஜயந்தி விழாவில் ஆற்றிய உரை)



வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் தோல் தொழிலால் வளர்ந்தவை. கொல்லாமை நோன்புடைய நாம் அத்தொழிலில் இறங்குவதில்லை. எனினும் அத்தொழிலாளரின் கூலி நம்மவர் நடத்தும் பாத்திரக் கடைக்கும் துணிக் கடைக்கும் வருகின்றது. வரித்துறையின் ஆணையும் உடன் வருகின்றது.

ஆம்பூரில் பாத்திரக் கடை வைத்திருந்த என் சிறிய தந்தையாருக்கு 2014இல் ஓர் ஆணை வந்தது. சரக்கு விற்றவர் அவ்விற்பனையைத் தம் கணக்கில் காட்டாமையால், இவர் எடுத்த உள்ளீட்டு வரி வரவு செல்லாது என்றும், அதனைத் தண்டத்துடன் செலுத்துக என்றும் அது கூறிற்று. பட்டியல்கள் யாவும் கையிலிருந்தன. ஆயினும், வழக்காடினால் ஊரார் நம்மைக் கள்ளக் கணக்கர் என்பர் என்றஞ்சி வாளாவிருந்தார், கெடு கழிந்தது. ஒருமுறை கொடுத்த வரியை மறுமுறையும் கொடுத்தார். பணம் போனதைவிட, தம்மைக் குற்றவாளியாக்கிய அத்தாளே அவரை இறுதிவரை வாட்டிற்று.

அதற்கு முந்திய ஆண்டே, ஸ்ரீ விநாயகா ஏஜென்சீஸ் வழக்கில், விற்றவர் வரி செலுத்தாமைக்காக, வரி கொடுத்து வாங்கியவரின் வரவை மறுத்தலாகாது எனச் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. இருவர் கணக்கும் ஒவ்வாதபோது அதிகாரி தீர விசாரித்தல் வேண்டும் என 2017இல் ஜே.கே.எம். கிராபிக்ஸ் வழக்கிலும் கூறிற்று.

2006ஆம் ஆண்டு மதிப்புக் கூட்டு வரிச் சட்டம் வழியும் வகுத்திருந்தது. ஆணை கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீட்டுத் துணை ஆணையரிடம், பிணக்குள்ள வரியில் 25 விழுக்காடு செலுத்தி முறையிடலாம். அங்கும் நீதி கிட்டாவிடில் 60 நாளுக்குள் விற்பனை வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை அணுகலாம். கணக்கில் விடுபட்ட விற்பனைக்குத் தண்டம் 150 விழுக்காடு வரை ஏறும். ஆனால் அது வேண்டுமென்றே மறைக்கப்பட்டதென்று அதிகாரி தெளிதல் வேண்டும்.

தோல் வணிகர் இத்தகைய அச்சம் கொண்டாரல்லர். வெளிமாநிலத்துப் பதனிட்ட தோலுக்கு மிகுதியாக வரி சுமத்திய விதியை எதிர்த்து, மேதாப் மஜீத் நிறுவனம் 1962இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றது.

நம் அணுவிரதங்களுள் பொய் ஆவணம் புனைதல் வாய்மைக்கும், அரசின் சட்டத்தை மீறுதல் கள்ளாமைக்கும் அதிசாரங்களாகக் கூறப்பட்டுள்ளன. வரியை ஒளிப்பவர் விரதம் கெடுவர். ஒளிக்காதவர் பிழையான ஆணையை முறைப்படி மறுத்தல் அவ்வாய்மையைக் காத்தலேயாகும்.

2017 சூலை முதல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறையில் உள்ளது. இதில் மேல்முறையீட்டுக் கெடு 3 மாதம். விற்றவர் வரி செலுத்தியிருத்தல் வேண்டும் என்பது சட்டத்திலேயே நிபந்தனையாகிவிட்டது. ஆதலின் இளைஞர்களே, நேர்மையாளரிடம் சரக்கெடுங்கள்; பட்டியலையும் வங்கிச் சான்றையும் பேணுங்கள்; ஆணை வந்த நாளைக் குறித்து வையுங்கள். வெட்கத்தால் ஒரு நாளையும் இழக்க வேண்டா.