ஒரு வாக்கினால் வீழ்ந்த அரசாங்கம்

1964ஆம் ஆண்டு டிசெம்பர் 3ஆம் தேதி, இலங்கைப் பிரதிநிதிகள் சபையில் சிம்மாசனப் பேச்சின்மீது வாக்கெடுப்பு நிகழ்ந்தது. திரு. டபிள்யூ. தகநாயக்கா கொணர்ந்த திருத்தப் பிரேரணையை 74 பேர் ஆதரித்தனர். 73 பேர் எதிர்த்தனர். திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம் ஒரு வாக்கினால் தோல்வியுற்றது.

சபை முதல்வராயும் காணி, நீர்ப்பாசன மந்திரியாயும் விளங்கிய திரு. சி. பி. டி சில்வா அன்று 13 உறுப்பினருடன் எதிர்வரிசைக்குச் சென்றார். 1960 மார்ச்சுத் தேர்தலில் சுதந்திரக் கட்சிக்குத் தலைமை தாங்கியவரே அவர்! சமசமாஜக் கட்சி 1964 ஜூனில் ஆட்சியிற் சேர்ந்தமையும், லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனத்தை அரசாங்கம் கையேற்கும் திட்டமும் அவரைப் பிரித்தன.

ஆயினும், நேயர்கள் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். வேலையின்மை, வாழ்க்கைச் செலவு, வீட்டுவசதி ஆகிய பிரச்சினைகளைத் தீர்க்க அரசாங்கம் தவறிவிட்டது என்பதே அவர் ஆதரித்த திருத்தத்தின் பொருள். அத்தவறு நேர்ந்த காலமெல்லாம் மந்திரிசபையில் வீற்றிருந்தவருள் அவரும் ஒருவர். பத்திரிகைச் சுதந்திரத்துக்காக அவர் பிரிந்தது மதிக்கத்தக்கதே. அளித்த வாக்கோ அவர்மீதும் தீர்ப்பாயிற்று. ஹன்சாட் ஏடு ஆம், இல்லை என்பதை எண்ணிக் காட்டுமேயன்றி, உள்ளத்தை எண்ணிக் காட்டாது.

1965 மார்ச்சுத் தேர்தலில் மின்னேரியா வாக்காளர் அவரை மீண்டும் தெரிந்தனர். திரு. டட்லி சேனநாயக்காவின் அரசாங்கத்தில் பழைய இலாகாவே அவருக்குக் கிடைத்தது. ஐயுறுவோர் இதனைச் சுட்டாமல் விடுவதில்லை. (கட்சி நீங்குவோர் ஆசனம் இழக்க நேருமென்ற விதி 1978 அரசியலமைப்பில் வந்ததே.) லேக் ஹவுஸை 1973இல் அரசாங்கம் சட்டமியற்றிக் கையேற்றது. அப்போது டி சில்வா உயிருடன் இல்லை.