பக்கத்துக் கட்டிலில் இருந்த பிள்ளை

(நன்கொடையாளர் கூடுகையில் மருத்துவமனை ஊழியர்கள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



வழக்கமாக இந்தக் கூடுகையில் வார்டுகளின் செய்தியையும், வரவு செலவுக் கணக்கையும், ஜெபக் குறிப்புகளையும் உங்கள் முன் வைப்போம். இன்று அவற்றோடு ஓர் அரசியல்வாதியின் வாழ்க்கையைப் பற்றியும் பேச விரும்புகிறோம். அரசியல்வாதி என்றவுடன் சிலர் முகம் சுளிக்கலாம். சற்றுப் பொறுமையாய்க் கேளுங்கள். இவர் முதலில் ஒரு சபையின் போதகர். அதற்கும் முன்பு, இலவச வார்டில் படுத்திருந்த ஓர் ஏழைச் சிறுவன்.

அவர் பெயர் டாமி டக்ளஸ். 1904ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் தேதி ஸ்காட்லாந்தின் ஃபால்கர்க் நகரில் பிறந்தார். தகப்பனார் இரும்பு வார்ப்படத் தொழிலாளி. சிறு வயதில் கீழே விழுந்து முழங்காலில் பட்ட காயம், எலும்பில் சீழ் பிடிக்கும் நோயாக மாறியது. குடும்பம் கனடாவின் வினிப்பெக் நகரில் குடியேறிய பின்பும் நோய் தீரவில்லை. நல்ல நிபுணரிடம் காட்டப் பெற்றோரிடம் பணமில்லை. காலையே எடுத்துவிட வேண்டியிருக்கும் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள்.

அப்பொழுது எலும்பு அறுவை நிபுணர் ஒருவர் அந்தப் பிள்ளையைக் கவனித்தார். மருத்துவ மாணவர்கள் அருகிலிருந்து பார்க்கப் பெற்றோர் சம்மதித்தால், கட்டணமின்றி அறுவை சிகிச்சை செய்வதாகச் சொன்னார். கால் பிழைத்தது. அந்தக் காலோடு அவர் 1922இல் மானிடோபா மாகாணத்தின் குத்துச்சண்டை சாம்பியனாகவும் ஆனார்.

எங்களைப் போன்றவர்கள் இந்தக் கதையை இங்கேயே முடித்து, ஸ்தோத்திரம் சொல்லி, உங்களிடம் காணிக்கைத் தட்டை நீட்டியிருப்போம். ஆனால் டக்ளஸ் இங்கே முடிக்கவில்லை. அந்த மருத்துவரை அவர் வாழ்நாள் முழுவதும் நன்றியோடு நினைத்தார்; அதே சமயம் ஒரு கேள்வியையும் சுமந்து திரிந்தார். அந்த நல்ல மனிதர் அன்று அந்த வார்டு வழியாக வராதிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பணக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு நிச்சயமாய்க் கிடைப்பது ஏழைப் பிள்ளைக்கு ஏன் தற்செயலாய்க் கிடைக்க வேண்டும்?

1930இல் அவர் பாப்டிஸ்ட் சபையின் போதகராக அபிஷேகம் பெற்று, சஸ்காட்சவான் மாகாணத்தின் வேபர்ன் என்ற சிற்றூருக்குப் போனார். அது கோதுமை விளையும் சமவெளி. அவர் போன காலமோ பஞ்ச காலம். கோதுமை விலை சரிந்தது, மழை பொய்த்தது, வயல் மண் புழுதிப் புயலாய்ப் பறந்தது. உரிய சமயத்தில் வைத்தியம் கிடைக்காமல் இறந்துபோன இளம் வயதினரை அவர் அடக்கம் செய்ய வேண்டியிருந்தது. பிரசங்கமும் நிவாரணப் பொருட்களும் மட்டும் போதாது என்று கண்டு அரசியலில் இறங்கினார். 1934இல் மாகாணத் தேர்தலில் தோற்றார். 1935இல் கனடா நாடாளுமன்றத்துக்குத் தெரிந்துகொள்ளப்பட்டார்.

அவருடைய குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1933இல் அவர் எழுதிய முதுகலை ஆய்வேட்டில், 'தகுதியற்றவர்கள்' என்று கருதப்பட்டவர்கள் பிள்ளை பெறாதபடி தடுக்க வேண்டும் என்ற அக்காலத்துக் கொடிய கருத்தை ஆதரித்திருந்தார். பின்பு அதைக் கைவிட்டார். அதிகாரம் கையில் வந்தபோது, அப்படிப்பட்ட சட்டம் வேண்டும் என்று பரிந்துரைகள் வந்தும் ஏற்க மறுத்தார். பலவீனரைப் பாரமாக எண்ணியவர், அவர்களைக் காக்கிறவராக மாறினார். மனந்திரும்புதல் என்பதற்கு நாம் கொடுக்கும் அர்த்தம் இதுதானே?

1944 ஜூன் மாதத்தில் அவருடைய கட்சி சஸ்காட்சவான் சட்டமன்றத்தின் 52 இடங்களில் 47ஐப் பிடித்தது. டக்ளஸ் மாகாண முதலமைச்சரானார். சுகாதாரத் துறையையும் தம் கையிலேயே வைத்துக்கொண்டார். 1947 ஜனவரி 1 முதல் மாகாண மக்கள் எல்லாருக்கும் ஆஸ்பத்திரிக் காப்பீடு வந்தது. ஆளுக்கு ஆண்டுக்கு 5 டாலர் செலுத்தினால், ஆஸ்பத்திரியில் படுக்க நேரும்போது செலவை மாகாணம் பார்த்துக்கொள்ளும். வட அமெரிக்காவில் இப்படி எல்லாருக்குமாக வந்த திட்டம் இதுவே முதலாவது.

ஆனால் மருத்துவரின் கட்டணத்தையும் திட்டத்தில் சேர்க்க அவர் உடனே துணியவில்லை. பணம் இல்லாமல் வாக்குக் கொடுக்கக் கூடாது என்பதில் உறுதியாயிருந்தார். மாகாணத்தின் கடனைக் குறைத்தார். வரவுக்குள் செலவை அடக்கினார். 1958இல் கனடாவின் மத்திய அரசு ஆஸ்பத்திரிச் செலவில் ஏறக்குறைய பாதியை ஏற்கத் தொடங்கியது. அதனால் மாகாணத்தின் கையில் மிஞ்சிய பணத்தை நம்பி, 1959இல் அடுத்த படியை அறிவித்தார். அரும்பொருளாளராக இருக்கும் சகோதரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இரக்கமுள்ளவர் கணக்கிலும் கண்டிப்பாக இருக்கலாம்.

இம்முறை எதிர்ப்பு மருத்துவர்களிடமிருந்தே வந்தது. நோயாளிக்கும் மருத்துவருக்கும் நடுவே அரசாங்கம் நுழைகிறது என்றார்கள். அவர்களில் அநேகர் நல்லவர்கள்; ஏழைகளுக்கு இலவசமாய் வைத்தியம் பார்த்தவர்களும் உண்டு. 1961இல் டக்ளஸ் புதிய ஜனநாயகக் கட்சியின் தேசியத் தலைவராகச் சென்றார். அவருக்குப் பின் வந்த வுட்ரோ லாய்ட் பாரத்தைச் சுமந்தார். 1962 ஜூன் 18ஆம் தேதி நடந்த நாடாளுமன்றத் தேர்தலில், மாகாணத்தின் தலைநகரான ரெஜைனாவிலேயே டக்ளஸ் தோற்றுப்போனார். எந்த மக்களுக்காக அந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தாரோ, அவர்களில் பலர் அதன் நிமித்தமே அவருக்கு வாக்களிக்க மறுத்தார்கள்.

ஜூலை 1ஆம் தேதி சட்டம் அமலுக்கு வந்தது. அன்றே மாகாணத்தின் பெரும்பாலான மருத்துவர்கள் தங்கள் மருந்தகங்களை மூடினார்கள். அவசர சிகிச்சை மட்டும் சில ஆஸ்பத்திரிகளில் நடந்தது. பிரிட்டனிலிருந்து மருத்துவர்கள் வரவழைக்கப்பட்டார்கள். 23 நாட்கள் மாகாணம் பயத்தோடு காத்திருந்தது. ஜூலை 23இல் உடன்பாடு ஏற்பட்டது. மருத்துவர்கள் அரசாங்கச் சம்பளக்காரராக ஆக வேண்டியதில்லை. ஒவ்வொரு சிகிச்சைக்கும் உரிய கட்டணத்தைத் திட்டம் கொடுக்கும். நோயாளி எந்த மருத்துவரிடமும் போகலாம். எதிர்த்தவர்களே சில ஆண்டுகளுக்குள் அதைப் பழகிக்கொண்டார்கள்.

1966இல் கனடா நாடாளுமன்றம் இதே வழியில் தேசியச் சட்டம் இயற்றியது. 1972க்குள் நாடு முழுவதும் இத்திட்டத்துக்குள் வந்துவிட்டது. டக்ளஸ் ஒருபோதும் அந்நாட்டின் பிரதமராகவில்லை. 1986 பிப்ரவரி 24ஆம் தேதி இறந்தார். 2004இல் கனடியத் தொலைக்காட்சி நடத்திய வாக்கெடுப்பில் மக்கள் அவரையே கனடியர்களுள் மிகச் சிறந்தவராகத் தெரிந்துகொண்டார்கள். அந்தத் திட்டத்தில் இன்றும் குறைகள் உண்டு. அறுவை சிகிச்சைக்கு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மருத்துவரின் பில்லைக் கட்ட அங்கே யாரும் நிலத்தை விற்பதில்லை.

பிரியமானவர்களே, காணிக்கையால் நடக்கும் மருத்துவமனையில் இருந்துகொண்டு இந்த மனிதரைப் பற்றி ஏன் பேசுகிறோம்? உங்கள் காணிக்கை தேவையில்லை என்று சொல்ல அல்ல. அந்த மருத்துவரின் இரக்கம் இல்லாதிருந்தால் டக்ளஸுக்குக் கால் இருந்திருக்காது. உங்கள் இரக்கம் அப்படிப்பட்டதுதான். ஆனால் எங்கள் வேலையில் ஒரு வேதனை உண்டு. இலவச சிகிச்சைக்கான நிதி குறையும்போது, யாருக்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வது, யாரைப் பாதி கட்டச் சொல்வது என்று நாங்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. ஒரு பெயரின் எதிரே 'சரி' என்று எழுதும்போது, பக்கத்துக் கட்டிலில் இருக்கும் பிள்ளையின் முகமும் எங்களுக்குத் தெரியும்.

நல்ல சமாரியன் காயத்தைக் கட்டியதோடு நிற்கவில்லை. சத்திரக்காரனிடம் பணம் கொடுத்து, மேற்செலவுக்கும் பொறுப்பேற்றான். டக்ளஸ் ஒரு மாகாணம் முழுவதையும் அப்படிப் பொறுப்பேற்கச் செய்தார். உங்களிடம் நாங்கள் இரண்டு காரியம் கேட்கிறோம். கொடுப்பதை நிறுத்தாதிருங்கள். வாக்குக் கேட்டு உங்கள் வாசலுக்கு வருகிறவர்களிடம், பக்கத்துக் கட்டிலில் இருக்கும் பிள்ளையைப் பற்றியும் கேளுங்கள்.

தேவன்தாமே உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக.