காருக்குக் கண்ணு எதுக்கு?

தலைப்பு: குறைந்த பணத்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவது சந்தோஷமா, சங்கடமா?
அணி: சந்தோஷமே!

நடுவர் அவர்களே, எதிரணியில் உட்கார்ந்துகொண்டு "வாங்காதே, வாங்காதே" என்று ஊரையே பயமுறுத்திக்கொண்டிருக்கும் அன்பு நண்பர்களே, வீட்டில் சாப்பாட்டுத் தட்டோடு டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே!

எனக்கு முன்னால் பேசிய அம்மா ஒரு கேள்வி கேட்டாங்க. "மாசச் சம்பளக்காரனுக்கு எதுக்குங்க ஸ்போர்ட்ஸ் கார்? பால்காரனுக்குப் பதில் சொல்ல முடியல, இதுல பறக்கணுமா?"ன்னு கேட்டாங்க. நல்லா கை தட்டினீங்க. நானும் தட்டினேன். ஏன்னா, அதே கேள்வியை 2016இல் எங்க வீட்டம்மா என்கிட்ட கேட்டாங்க! (சிரிப்பு)

நான் ஒரு கணக்கு வாத்தியார் ஐயா. பணக்காரன் இல்லை. எங்கப்பா புதுப்பேட்டையில் ஒரு ஷெட்டில் 35 வருஷம் மெக்கானிக். நாங்க செங்குன்றத்துல குடியிருந்தோம். பக்கத்துல சோழவரம். அங்கே ஒரு பழைய விமான ஓடுதளம். அந்தக் காலத்துல கார் ரேஸ் அங்கதான் நடக்கும். 1983இல் எனக்கு ஒன்பது வயசு. எங்கப்பா சைக்கிள் பாரில் துண்டை மடிச்சுப் போட்டு, என்னை உட்கார வெச்சு, ரேஸ் பார்க்கக் கூட்டிட்டுப் போனார். கார் வரும் முன்னாடி சத்தம் வரும் பாருங்க, அந்தச் சத்தம் இன்னிக்கும் என் நெஞ்சுக்குள்ள இருக்கு. "அப்பா, நமக்கு இந்த மாதிரி கார் எப்போப்பா?"ன்னு கேட்டேன். அவர் சிரிச்சார். "நான் ரிப்பேர் பண்ணுவேன், நீ ஓட்டு"ன்னார்.

ஐயா, அந்த வார்த்தைக்காக 33 வருஷம் காத்திருந்தேன். அதுக்குள்ள எங்கப்பாவுக்குக் கண் அழுத்த நோய் வந்து ரெண்டு கண்ணும் போயிடுச்சு.

2016இல் ஒரு சீட்டு எடுத்தோம். கையில் ரெண்டு லட்ச ரூபாய். என் மனைவி சொன்னாங்க: "உங்க ஆசை எனக்குத் தெரியும். வாங்கிக்குங்க. ஆனா அடுத்த ஜூன்ல நம்ம பொண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும். அந்தப் பணத்துல கை வெச்சீங்கன்னா, நான் உங்க கார்ல ஏற மாட்டேன்." நடுவர் அவர்களே, இதுதான் என் பட்ஜெட். ரெண்டு லட்சம், அதுக்கு மேல ஒரு ரூபாய் கிடையாது.

புரோக்கர் ஒருத்தர் ஒரு காரைக் காட்டினார். சிவப்புக் கலர். தரையோட தரையா தாழ்ந்து நிக்குது. உள்ளே தோல் சீட்டு. "ஆறு லட்சம் போற வண்டி சார், ஓனர் வெளிநாடு போறார், ரெண்டு லட்சத்துக்கு முடிச்சுத் தர்றேன், இன்னிக்கே அட்வான்ஸ் குடுங்க"ன்னார். எனக்குக் கை நடுங்குது ஐயா! பர்ஸை எடுத்துட்டேன். "எங்கப்பா ஒரு தடவை பார்க்கட்டும்"னு சொன்னேன். புரோக்கர் அப்பாவைப் பார்த்துட்டு, "பெரியவருக்குக் கண்ணு தெரியலையே சார், அவர் என்னத்தைப் பார்க்கப் போறார்?"ன்னார்.

எங்கப்பா சொன்னார்: "கார் வாங்கக் கண்ணு எதுக்குப்பா? கண்ணுதான் ஏமாத்தும். எனக்கு மூக்கு இருக்கு, காது இருக்கு, விரல் இருக்கு." (கைதட்டல்)

உள்ளே உட்கார்ந்தார். மூச்சை இழுத்தார். "எதுக்கு இவ்வளவு சென்ட் அடிச்சிருக்காங்க?"ன்னார். சீட் பெல்ட்டைப் பிடிச்சார். நாம எல்லாம் எவ்வளவு இழுப்போம்? மார்பு வரைக்கும். அவர் கடைசி வரைக்கும், உருளையில் இருக்கிற அத்தனையும் இழுத்தார். விரலால தடவிக்கிட்டே வந்தவர் ஒரு இடத்துல நின்னார். என் கையைப் பிடிச்சு அங்கே வெச்சார். நொறநொறன்னு வண்டல் மண்! அப்புறம் சீட்டுக்கு அடியில் கையை விட்டார். வெளியே எடுத்தா, விரல் பூரா துரு.

"தம்பி, இந்த வண்டி டிசம்பர்ல குளிச்சிருக்கு. அட்வான்ஸ் குடுக்காதே"ன்னார்.

2015 டிசம்பர் மழை வெள்ளம் சென்னையில் யாருக்கு ஐயா மறக்கும்? எத்தனை காருங்க கழுத்தளவு தண்ணியில நின்னுது! காருக்குள்ள தண்ணி போனா, மேலே துடைச்சுப் பாலீஷ் போட்டுடலாம். ஆனா வயரிங் இணைப்புகளுக்குள்ள போன ஈரம் மாசக்கணக்கில் அரிச்சுக்கிட்டே இருக்கும். இன்னிக்கு ஓடும். ஆறு மாசம் கழிச்சு நடுரோட்டுல நிக்கும். ஏர் பேக் வேலை செய்யுமா, செய்யாதான்னு யாரும் உத்தரவாதம் தர முடியாது. எதிரணி நண்பர்களே, நீங்க சொல்ற சங்கடம் இதுதான். ஒத்துக்கிறேன். ஆனா அந்தச் சங்கடம் கார் வாங்கினதால வரலை. அவசரப்பட்டதால வரப் பார்த்தது! (கைதட்டல்)

அன்னிக்கு ராத்திரி எங்கப்பா ஒரு கணக்குச் சொன்னார். நான் கணக்கு வாத்தியார். ஆனா அந்தக் கணக்கு எனக்குத் தெரியலை. "ரெண்டு லட்சம் இருந்தா, ரெண்டு லட்சத்துக்குக் கார் தேடாதே. 1,20,000க்குத் தேடு. 15,000 பேர் மாத்தவும் இன்சூரன்ஸுக்கும். 40,000 வாங்கின உடனே செய்ய வேண்டிய வேலைக்கு. டயர், பிரேக், பெல்ட், ஆயில் எல்லாம் அதுல வந்துடணும். மீதி 25,000 தொடாதே. பழைய வண்டி ஒரு நாள் கேட்கும், அப்போ குடு."

தாய்மார்களே, இந்தக் கணக்கு காருக்கு மட்டுமில்லை. வீடு வாங்கினாலும், கல்யாணம் பண்ணினாலும் இதுதான். கையில் இருக்கிற அத்தனையையும் வாங்கறதுலயே போட்டுட்டா, வெச்சுக்காப்பாத்த எதை வெச்சு?

என்கிட்ட படிச்ச பையன் ஒருத்தன், பெரிய வெளிநாட்டு காரைப் பத்து வருஷப் பழசா, நாலு லட்சம் கடன் போட்டு வாங்கினான். ஆறு மாசத்துல கியர்பாக்ஸ் போச்சு. அதுக்கு மட்டும் 1,80,000 கேட்டாங்க. கார் இன்னிக்கும் அவன் வீட்டு வாசல்ல உறை போட்டு நிக்குது. அவங்கம்மா அதுமேல வத்தல் காயப் போடறாங்க! (சிரிப்பு) சிரிக்காதீங்க ஐயா, தவணை கட்டினதும் அந்த அம்மாதான். விலை இறங்கினது காருக்குத்தான். அதோட உதிரி பாகத்துக்கு இறங்கலை. அதை அவன் யோசிக்கலை.

"அப்போ பட்ஜெட்டுக்குள்ள ஸ்போர்ட்ஸ் காரே கிடைக்காது"ன்னு எதிரணித் தலைவர் சொல்வார். எது சார் ஸ்போர்ட்ஸ் கார்? 400 குதிரை சக்தி இருந்தாத்தானா? ஜப்பானில் மாஸ்டா கம்பெனி 1989இல் எம்எக்ஸ்-5ன்னு ரெண்டு பேர் உட்கார்ற கார் விட்டாங்க. 1.6 லிட்டர் இன்ஜின், சுமார் 115 குதிரை சக்திதான். எடை கம்மி, திருப்பினா திரும்பும். 2016க்குள்ள பத்து லட்சம் கார் செய்துட்டாங்க. உலகத்துல அதிகமா வித்த ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் அதுதான்.

அவ்வளவு தூரம் ஏன்? நம்ம கோயம்புத்தூர் கரிவரதன் என்ன செய்தார்? மாருதி 800 இன்ஜினை எடுத்து, ஒருத்தர் உட்கார்ற பந்தயக் கார் கட்டினார். ஃபார்முலா மாருதின்னு பேர். நடுத்தர வசதி உள்ள பையனும் பந்தயத்துக்கு வரலாம்னு வழி திறந்தது. அதுல ஆரம்ப காலத்துல ஓட்டின நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்துல ஓட்டினார், முதல் இந்தியரா! காய்கறி வாங்கப் போற காரோட இன்ஜின் ஐயா அது! பணம் கம்மியா இருக்கலாம், வேகம் கம்மின்னு யார் சொன்னது? (பலத்த கைதட்டல்)

சரி, நான் என்ன வாங்கினேன்? ரெண்டு மாசம் தேடி, 2003 மாடல் ஹோண்டா சிட்டி விடெக். 1.5 லிட்டர், 106 குதிரை சக்தி. பார்த்தா வங்கி மேனேஜர் மாதிரி அடக்கமா நிக்கும். ஆக்சிலரேட்டரை மிதிச்சா, சட்டையைக் கழட்டிட்டு கபடிக்கு இறங்கும்! (சிரிப்பு)

எப்படிப் பார்த்தோம்? அப்பா காலங்காத்தால போகணும்னார். "முன்கூட்டியே சூடு பண்ணி வெச்சிருந்தா ஏமாத்தறான்னு அர்த்தம். இன்ஜின் ஜில்லுன்னு இருக்கும்போது செல்ஃப் எடுக்கணும்." புகையை நான் பார்த்துச் சொன்னேன். நீலமா வந்தா ஆயில் எரியுது. வெள்ளையா, விடாம, இனிப்பு வாசனையோட வந்தா ரேடியேட்டர் தண்ணி உள்ளே இறங்குது. ரெண்டும் இல்லை. பானெட் போல்ட்டுகளை அப்பா தடவிப் பார்த்தார். ஸ்பானர் பட்ட தடம் இருந்தா, என்னிக்கோ கழட்டி மாட்டியிருக்காங்க, ஏன்னு கேட்கணும். டயர் ஓரத்துல நாலு எண் இருக்கும். 2311ன்னா, 2011ஆம் வருஷம் 23வது வாரம் செய்தது. பட்டன் தேயலைன்னாலும் ரப்பருக்கு வயசாச்சு, மாத்தணும். டைமிங் பெல்ட் எப்போ மாத்தினாங்க, பில் எங்கேன்னு கேட்டார். அது அறுந்தா பல இன்ஜின்ல வால்வும் பிஸ்டனும் மோதி, வாங்கின விலைக்குச் செலவு வரும்.

அப்புறம் காகிதம். ஆர்.சி. புத்தகத்துல இருக்கிற சேசிஸ் நம்பரும் வண்டியில இருக்கிற நம்பரும் ஒண்ணான்னு பார்க்கணும். கடன் பாக்கி இருந்தா, பைனான்ஸ்காரர் கடிதம் இல்லாம நகரக் கூடாது. ஃபாரம் 29, 30 ரெண்டிலும் கையெழுத்து வாங்கி, உடனே பேர் மாத்தணும். விற்கிறவங்களே, உங்களுக்கும் சொல்றேன். ஆர்.சி.யில் யார் பேர் இருக்கோ அவர்தான் விபத்துக்கு இழப்பீடு தரணும்னு 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. வித்துட்டோம்னு நிம்மதியா தூங்கினா, எவனோ இடிச்சதுக்கு உங்க வீட்டுக்கு நோட்டீஸ் வரும்!

இன்னொண்ணு. பெட்ரோல் கார் 15 வருஷம் ஆனா திரும்பப் பதிவு பண்ணணும். என் கார் 2018இல் ஒரு தடவை, 2023இல் ஒரு தடவை போச்சு. நடுவுல 2022இல் அந்தக் கட்டணம் 600லிருந்து 5,000 ஆச்சு. இதெல்லாம் வரும்னு தெரிஞ்சு வாங்கினா செலவு. தெரியாம வாங்கினாத்தான் சங்கடம்.

நடுவர் அவர்களே, மணி அடிச்சிடாதீங்க, ஒரே ஒரு நிமிஷம்.

வண்டி வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. அப்பாவை முன்சீட்டுல உட்கார வெச்சேன். பெல்ட் போட்டுக்கிட்டார்; பழக்கதோஷம், முழுசா இழுத்துத் தடவிட்டுத்தான் போட்டுக்கிட்டார்! (சிரிப்பு) எங்கே போறோம்னு சொல்லலை. ரோடு காலியா இருந்தது. நான் கியரை ஏத்தப் போனேன். "ஏத்தாதேடா. மூணாவதுலயே வை. சத்தம் கேட்கட்டும்"னார். சட்டம் அனுமதிச்ச வேகத்துக்குள்ளதான் ஐயா போனேன். ஆனா இன்ஜின் பாடிச்சு. அப்பா கண்ணை மூடிக்கிட்டார். கண்ணு தெரியாத மனுஷன், சத்தத்துக்காகக் கண்ணை மூடினார்.

கொஞ்ச நேரம் கழிச்சு, "சோழவரம் வந்துடுச்சா?"ன்னு கேட்டார்.

"எப்படிப்பா தெரிஞ்சுது?"ன்னேன்.

"எத்தனை தடவை சைக்கிள் மிதிச்ச ரோடு"ன்னார்.

பின்சீட்டுல என் மனைவி, பக்கத்துல என் பொண்ணு. ஜூன் மாசம் ஃபீஸ் கட்டினோம். ஒரு ரூபாய் குறையலை.

எதிரணி நண்பர்களே! நீங்க சொன்ன செலவு எல்லாம் உண்மை. ரிப்பேர் உண்மை, ஏமாத்துறவங்க உண்மை. ஆனா கடன் வாங்காம, அவசரப்படாம, தெரிஞ்சவரைக் கூட வெச்சுக்கிட்டு, வீட்டுப் பணத்துல கை வைக்காம வாங்கினா, அது பழைய கார் இல்லை ஐயா. ஒரு அப்பன் பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு. அது 33 வருஷம் கழிச்சு, 1,20,000 ரூபாய்க்கு நிறைவேறிச்சுன்னா, அதைச் சங்கடம்னு எப்படிச் சொல்வீங்க?

சந்தோஷமேன்னு தீர்ப்புச் சொல்லுங்க! (நீண்ட கைதட்டல்)