திரைக்குப் பின்னால் வடசென்னை: இளம் கதைசொல்லிகளுக்கான பயிற்சி
கருத்தரங்கத் தலைமை உரை

பூர்வகுடிகளும் உழைக்கும் மக்களும் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே படமெடுக்கக் கற்றுத்தரும் பயிற்சி, உலகின் பல நாடுகளில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துவருகிறது. ராயபுரத்தில் தொடங்கி காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியே எண்ணூர் முகத்துவாரம் வரை நீளும் கரையோரத்துக்கு அத்தகைய பயிற்சி இன்று மிகவும் தேவைப்படுகிறது. இங்கே கடலை நம்பிய குப்பங்கள் இருக்கின்றன. துறைமுகத்திலும் ஆலைகளிலும் தலைமுறை தலைமுறையாக உழைத்த குடும்பங்கள் இருக்கின்றன. கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் வலையில்லாமல் கையாலேயே இறால் பிடிக்கும் இருளர் பழங்குடியினர் இருக்கிறார்கள். இவர்களுடைய வாழ்க்கை திரையில் நிறையவே வந்துவிட்டது. ஆனால் அதை எழுதியவர், ஒளிப்பதிவு செய்தவர், தொகுத்தவர் என்ற வரிகளில் இவர்களின் பெயர்கள் அரிது. அந்த இடைவெளியைப் பயிற்சியால் எப்படிக் குறைப்பது என்பதே இக்கருத்தரங்கின் பொருள்.

இடைவெளிக்கு ஒரு வரலாறு உண்டு. தமிழ்ப் படத்தொழில் கோடம்பாக்கம், வடபழனி, சாலிகிராமம் பக்கம் வேரூன்றியது. அந்த வட்டாரத்துக்கு வடசென்னை நெடுங்காலம் ஒரு லொகேஷனாகவே இருந்தது. துறைமுகச் சுவர், மீன்பிடித் துறைமுகம், குறுகிய சந்து ஆகியவை சண்டைக் காட்சிக்கும் துரத்தல் காட்சிக்கும் பின்னணியாயின. ஊர்க்காரர்களுக்குக் கூட்டத்தில் நிற்கும் வேலையும் ஒருநாள் பேட்டாவும் கிடைத்தன. நடிகருக்கு வட்டாரப் பேச்சைச் சொல்லிக்கொடுத்தவருக்கு அதுகூடக் கிடைக்காததுண்டு. ரவுடி என்ற ஒற்றை உருவம் இப்படித்தான் நிலைபெற்றது.

அந்த உருவம் அசையத் தொடங்கியது அண்மையில்தான். ஆவடியை அடுத்த கார்லப்பாக்கத்தில் பிறந்து, சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்த பா. இரஞ்சித், ‘மெட்ராஸ்’ (2014) படத்தில் வியாசர்பாடியின் கால்பந்தையும் ஒரு சுவரைச் சுற்றிய அரசியலையும் காட்டினார். ‘சார்பட்டா பரம்பரை’ (2021) துறைமுகத் தொழிலாளியைக் குத்துச்சண்டை வீரனாக முன்னிறுத்தியது. இவற்றுக்கு இடையில் 2018-இல் வெற்றிமாறனின் ‘வடசென்னை’ வந்தது. பார்ப்பவர் நிற்கும் இடம் மாறினால் கதையும் மாறும் என்பதற்கு இரஞ்சித்தின் படங்கள் சான்று. என்றாலும் ஓரிரு இயக்குநர்களின் திறமை ஒரு வட்டாரத்துக்கே வழி திறந்துவிடாது. இருளர் வாழ்வைச் சொன்ன ‘ஜெய் பீம்’ (2021) படத்திலும் முதன்மை இருளர் வேடங்களில் நடித்தவர்கள் அம்மக்களோடு தங்கிப் பழகிக் கற்றுக்கொண்ட வெளியாட்களே. அந்த உழைப்பு மதிப்புக்குரியது. கற்றுக்கொடுத்த சமூகத்தின் பிள்ளைகள் அடுத்த படத்தில் எந்த இடத்தில் நிற்பார்கள் என்ற கேள்வியைத்தான் பயிற்சி எடுத்துக்கொள்ள வேண்டும்.

பிற நாடுகளின் அனுபவம் இங்கே துணைசெய்யும். கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் 1967-இல் ‘மாற்றத்துக்கான அறைகூவல்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, அடுத்த ஆண்டே பூர்வகுடி இளைஞர்களைக் கொண்ட படக்குழு ஒன்றைப் பயிற்றுவித்தது. அக்குழுவைச் சேர்ந்த மைக் மிட்செல் வழிநடத்திய ‘யூ ஆர் ஆன் இண்டியன் லேண்ட்’ (1969), தம் மக்கள் நடத்திய பாலம் மறியலை நேரடியாகப் பதிவுசெய்தது. ஆனால் இயக்குநர் என்ற அங்கீகாரம் அவருக்குப் பல பத்தாண்டுகள் கழித்தே வந்தது. பயிற்சி கொடுத்தும் பெயரைக் கொடுக்கத் தவறிய அந்நிகழ்வு எல்லாப் பயிற்சித் திட்டங்களுக்கும் எச்சரிக்கை. ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் 1980-இல் உருவான மத்திய ஆஸ்திரேலியப் பூர்வகுடி ஊடகச் சங்கம், சொந்த மக்களின் வானொலியையும் ஒளிப்பதிவையும் பயிற்சிக்களமாக்கியது. அங்கே தொழில் பழகிய வார்விக் தார்ன்டன் பின்னர் தேசியத் திரைப்படப் பள்ளியில் ஒளிப்பதிவு படித்தார். அவருடைய ‘சாம்சன் அண்ட் டிலைலா’ 2009-இல் கான் விழாவில் முதல் படத்துக்கான தங்கக் கேமரா விருதை வென்றது. ஊர் நிலையம், திரைப்படப் பள்ளி, பெருந்திரை என்ற அந்தப் படிவரிசையில் எந்தப் படியும் விடுபடவில்லை.

இந்தியாவிலும் முன்னோடிகள் உண்டு. அகமதாபாத்தில் சேவா அமைப்பின் உழைக்கும் பெண்கள் 1984-லேயே வீடியோ கற்றார்கள். ஜார்க்கண்டின் ஒராவோன் பழங்குடியைச் சேர்ந்த பிஜு டோப்போ, சுரங்கமும் ஆலையும் தம் மண்ணுக்குச் செய்தவற்றைப் படமாக்கித் தேசிய விருது பெற்றார். தெலங்கானாவின் பஸ்தாபூரில் தக்காண வளர்ச்சிக் கழகத்தின் தலித் பெண்கள், பலரும் எழுதப் படிக்கத் தெரியாத நிலையிலேயே கேமராவைக் கையில் எடுத்தார்கள். கேமரா நிற்கும் உயரத்தைப் பொறுத்து அடிமை ஷாட், பட்டேல் (நிலக்கிழார்) ஷாட் என்றும், கண்மட்டத்தில் எடுப்பது சங்கம் ஷாட் என்றும் அவர்கள் பாடத்தை வகுத்துக்கொண்டார்கள். தொழில்நுட்பத்தைத் தம் அனுபவத்தின் வழியே கற்கும்போது அது எவ்வளவு ஆழமாகப் பதியும் என்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

தமிழ்நாட்டில் முறையான திரைக்கல்வி புதிதன்று. தரமணியிலுள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தின் தொடக்கம் 1945-ஐச் சேர்ந்தது. பி.சி. ஸ்ரீராம், ராஜீவ் மேனன் போன்ற ஒளிப்பதிவாளர்கள் அங்கே பயின்றவர்கள். திரைப்படக் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து எடுத்த ‘ஊமை விழிகள்’ (1986) வணிகத் திரையில் பெருவெற்றி கண்டது. ஆயினும் பெரும்பாலோர்க்கு வாசல் உதவி இயக்குநர் வேலைதான். சம்பளம் நிச்சயமில்லாமல், அறை வாடகைக்கு வழியில்லாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வீட்டில் யாராவது சோறு போட வேண்டும். அன்றாடக் கூலியில் ஓடும் குடும்பத்துப் பிள்ளைக்கு அந்த வாசல் பெரும்பாலும் மூடியே இருக்கிறது.

அண்மைய முயற்சிகள் சில அந்த வாசலைத் திறக்கப் பார்க்கின்றன. வெற்றிமாறன் தொடங்கிய பன்னாட்டுத் திரை – பண்பாட்டு ஆய்வகம், ஒடுக்கப்பட்ட பின்னணியிலிருந்து வரும் மாணவர்களுக்கு உணவும் இருப்பிடமும் தந்து கட்டணமின்றிப் பயிற்றுவிக்கிறது. இரஞ்சித்தின் கூகை திரைப்பட இயக்கம் 2018-இல் வளசரவாக்கத்தில் உதவி இயக்குநர்களுக்கென நூலகம் அமைத்தது. ஒளிப்படக் கலைஞர் மு. பழனிக்குமார் வடசென்னை மாணவர்களுக்குக் கேமரா பழக்கி, அவர்கள் எடுத்த படங்களைக் காட்சிக்கு வைத்திருக்கிறார். இவற்றில் முதலிரண்டும் இளைஞர்களைத் திரையுலகின் பக்கம் அழைத்துச் செல்கின்றன. மூன்றாவது, பயிற்சியை ஊருக்குள் கொண்டுவருகிறது. இரண்டு வகையும் ஒன்றோடொன்று இணைய வேண்டும்.

பாடத்திட்டம் ஊரின் அறிவிலிருந்து தொடங்குவது நல்லது. குப்பத்துப் பெரியவர்களுக்குக் காற்றும் நீரோட்டமும் வாடை, கச்சான், கொண்டல், வன்னி, தெண்டி என்று பெயரோடு அறிமுகம். கானா பாடுபவருக்கு ஒரு மனிதனின் வாழ்வைச் சில அடிகளில் சொல்லத் தெரியும். இவற்றைக் கேட்டுப் பதிவுசெய்து காட்சியாகப் பிரிப்பதே திரைக்கதையின் முதல் பாடமாக அமையலாம். கழிமுகத்தில் இருளர் பெண் இறால் பிடிக்கும் காட்சியை எடுத்துக்கொள்ளலாம். அவர் நீருக்குள் அமர்ந்தபடி நகர்கிறார். இரண்டு கைகளும் சேற்றைத் துழாவுகின்றன. கூடையைப் பல்லால் கவ்விக்கொண்டிருக்கிறார். பாலத்தின் மேலிருந்து எடுத்தால் நீரில் ஒரு தலை மிதப்பது மட்டுமே தெரியும். கேமராவை நீர்மட்டத்துக்கு இறக்கினால்தான் விரலின் வேகமும் முகத்தின் கவனமும் தெரியும். அதற்கு நீர் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று தெரிந்திருக்க வேண்டும். அவருடைய சம்மதமும் முன்பே கிடைத்திருக்க வேண்டும். பின்னால் சாலையில் கண்டெய்னர் லாரிகள் ஓயாமல் ஓடும். அந்த இரைச்சலுக்கு நடுவே அவர் மூச்சைப் பதிவுசெய்யக் கற்பதே ஒலிப்பதிவுப் பாடம். கோணம், ஒளி, ஒலி, அறம் நான்கையும் இந்த ஒரே காட்சியில் கற்பிக்கலாம்.

படத்தொகுப்புக்குத் தனி முக்கியத்துவம் தேவை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்தது. அதே மாதத்தில் பெரியகுப்பத்தருகே அமோனியா கசிந்து மக்கள் நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓடினார்கள். இரண்டையும் ஊர்க்காரர்களின் கைபேசிகள் பதிவுசெய்தன. அத்தகைய பதிவுகள் செய்தியாகச் சில நாள் ஓடி மறைகின்றன. எடுத்தவருக்குப் பெயரும் இல்லை, பணமும் இல்லை. பதிவை நாள், இடம், எடுத்தவர் விவரத்தோடு சேமிக்கவும், அதை ஒரு முழுப் படமாகத் தொகுக்கவும் தெரிந்தால் அது ஊரின் சொத்தாகும். எனவே ஆவணக் காப்பகம் பயிற்சி மையத்தின் அங்கமாக இருக்க வேண்டும்.

நடைமுறை ஏற்பாடுகளும் வாழ்க்கையோடு பொருந்த வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்நாட்கள் தீவிரப் பயிற்சிக்கு ஏற்றவை. வருமானம் குறையும் காலமும் அதுவே என்பதால் உதவித்தொகை இன்றியமையாதது. பெண்கள் இரவில் நெடுந்தொலைவு போய்வர வேண்டியிராத வகையில் மையம் திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ அமைய வேண்டும். பயிற்றுமொழி தமிழாக இருக்க வேண்டும். ஒப்பந்தம், பதிப்புரிமை, கால்ஷீட், ஊதியக் கணக்கு ஆகியவை கேமராவுக்கு நிகரான பாடங்களாக வேண்டும். தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர்கள் சம்மேளனத்தின் சங்கங்களில் உறுப்பினராக வேண்டிய கட்டணத்தைப் பயிற்சித் திட்டமே ஏற்கும் வழியும் காணப்பட வேண்டும். சங்க அட்டை கையில் இல்லாத இளைஞர் எவ்வளவு கற்றாலும் படப்பிடிப்புத் தளத்தின் ஓரத்தில்தான் நிற்க நேரும்.

இக்கருத்தரங்கின் அமர்வுகள் மூன்று பணிகளை முடித்துக் கொடுக்கும் என எதிர்பார்க்கப்படுகிறது: ஊர் அறிவை அடிப்படையாகக் கொண்ட ஓராண்டுப் பாடத்திட்ட வரைவு; பயிற்சி முடித்தவரை ஊதியத்தோடு படக்குழுவில் சேர்க்கத் தயாரிப்பாளர்களோடும் சங்கங்களோடும் செய்ய வேண்டிய உடன்பாடு; பதிவுகளின் உரிமையையும் சம்மதத்தையும் காக்கும் நெறிமுறை. பயின்றவர்களின் எண்ணிக்கையும் வழங்கிய சான்றிதழும் வெற்றிக்கு அளவுகோலாகா. எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு ஆகிய துறைகளில் இக்கரையோரத்தின் பிள்ளைகள் எத்தனை பேர் உரிய ஊதியத்தோடும் தங்கள் பெயரோடும் வேலை செய்கிறார்கள் என்பதை ஆண்டுதோறும் கணக்கிட்டு வெளியிட வேண்டும். பயிற்சியின் பயனை அதைக்கொண்டே மதிப்பிட வேண்டும்.